சித்தியின் நான்காவது டெஸ்ட்

நான் ஊரைவிட்டுக் கிளம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று காலையில்தான் சித்தி மூன்றாவது முறையாக டிரைவிங் டெஸ்டில் தோற்றிருந்தாள். வழியனுப்ப வந்தவள், பேருந்து நிலையத்தில் என் பையை மடியில் வைத்துக்கொண்டு அதைச் சொன்னாள்.

"நாலு ரோடு சந்திப்புல நிறுத்தினேன். எல்லாப் பக்கமும் காலி. ஆனா நான் போகல. பின்னால ஒரே ஹாரன். ஆபீசர் கேக்கறார், 'ஏம்மா, யாருக்காக நிக்கறீங்க?'ன்னு."

"நீ என்ன சொன்னே சித்தி?"

"'நீங்க போன்னு சொல்வீங்கன்னுதான் சார்'னு சொன்னேன்."

கூட வந்திருந்த சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். "கேட்டியா கூத்தை! வீட்ல நான் உட்காருன்னா நிக்கறவ. கார்ல மட்டும் என்னா பணிவு!"

சித்தப்பா முப்பது வருடம் லாரி ஓட்டியவர். சர்க்கரை முதலில் கண்ணைக் கெடுத்தது, பிறகு சிறுநீரகத்தை. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். மருத்துவமனைக்கு இரண்டு பேருந்து மாறி, காத்து நின்று, ஊரெல்லாம் சுற்றிப் போக ஒன்றரை மணி நேரம். திரும்பும்போது உட்கார இடம் கிடைக்காவிட்டால் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வருவார். அவருடைய பழைய கார் வாசலில் சும்மா நின்றது. பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்த சித்தி, ஐம்பத்திரண்டு வயதில், அவரை உட்காரவைத்துக் கூட்டிப்போக வேண்டும் என்றே கண் பரிசோதனைச் சான்றிதழும் புகைப்படமுமாய்ப் போய் பழகுநர் உரிமம் வாங்கி வந்தாள்.

சொல்லிக்கொடுத்தவர் சித்தப்பாதான். மூடிக்கிடந்த ஆலையின் மைதானத்தில், பக்கத்தில் உட்கார்ந்து, காதால் கற்றுக்கொடுத்தார். இன்ஜின் முனகினால் "கியரை இறக்கு." டயர் சரளையில் ஏறினால் "வலது பக்கம் ஒடி." கண்ணாடி பார்க்கவும் அவர்தான் ஞாபகப்படுத்துவார். ரிவர்ஸ், மேட்டில் நிறுத்தி எடுப்பது, இரண்டு டிரம்களுக்கு நடுவே பார்க்கிங், எல்லாம் சித்தி சுத்தமாகச் செய்வாள், அவர் குரல் இருந்தால். தேர்வில் அதிகாரி வாய் திறக்காமல் எழுதிக்கொண்டிருப்பார். மூன்று முறையும் சித்தி எங்காவது ஓரிடத்தில் நின்று காத்திருந்தாள்.

அந்தச் செவ்வாய்க்குப் பிறகு காரில் பேசுவதில்லை என்று சித்தப்பா முடிவெடுத்தார். நான் எங்கிருந்து அழைத்தாலும் சித்தி அதைத்தான் சொல்லிச் சிரிப்பாள்.

"துண்டை வாயில கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கார்டி. கியர் மாத்த மறந்தா தொடையில தட்டறார். அதுவும் கூடாதுன்னுட்டேன்."

"அதுக்கு என்ன சொன்னார்?"

"என்னத்தச் சொல்றது, வாயில துண்டு இருக்கே!"

நான்காவது தேர்வுக்குப் பதினொரு நாள் இருக்கும்போது, மருத்துவமனையிலிருந்து திரும்பும் பேருந்தில், நின்றுகொண்டே வந்தவர் சரிந்து விழுந்தார். அன்று மாலையே போய்விட்டார். நான் அப்போது வேலையாக ஒரு தீவில் இருந்தேன். படகு வாரத்துக்கு ஒருமுறைதான். வர முடியவில்லை என்று சொல்ல அழைத்தபோது, "பரவாயில்லம்மா, நீ சாப்பிட்டியா?" என்றாள் சித்தி.

அதன்பின் டெஸ்ட் பற்றி அவள் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. ஏழு மாதம் கழித்து, நான் ஊர் திரும்பச் சீட்டு எடுத்துக்கொண்டிருந்தபோது, கைப்பேசியில் அவளுடைய செய்தி வந்தது.

"லைசென்ஸ் இன்னிக்குத் தபால்ல வந்துச்சு. எங்க போறதுன்னு தெரியாம ஆஸ்பத்திரி வரைக்கும் ஓட்டிட்டுப் போனேன். பதினெட்டு நிமிஷம்தான் ஆகுதுடி."