தூணில் பூசிய மஞ்சள்

தம்பிக்கு ஒன்பது நாளாகக் காய்ச்சல் விடவில்லை. ஆஸ்பத்திரி மருந்து ஒரு பக்கம் இருக்க, சாயங்காலத் தொழுகை நேரத்துக்கு அம்மா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு காசிமேட்டிலிருந்து ராயபுரத்துப் பழைய பள்ளிவாசலுக்கு நடப்பாள். தொழுதுவிட்டு வருகிறவர்கள் வாசலில் நிற்கும் பிள்ளைகளின் முகத்தில் ஓதி ஊதிவிட்டுப் போவார்கள். எங்கள் மீனவர் தெருவில் பாதிப் பேர் அப்படி ஊதி வளர்ந்தவர்கள்தான்.

எனக்கு எட்டு வயது. தம்பி செத்துப்போவான் என்று உள்ளுக்குள் உதறல். ஊதினால் போகிற காய்ச்சலா இது?

ஊதுகிறவர்களைவிட அந்தக் கட்டடத்தைத்தான் நம்பினேன். சிமெண்டு மினார்கள் பிற்பாடு வந்தவை. முன்மண்டபம் முழுக்கக் கருங்கல். அந்தக் காலத்துக் கப்பல் வியாபாரிகள், கோயில் கட்டும் கல்தச்சர்களையே கூட்டிவந்து கட்டினார்களாம். ஆள் உருவம் மட்டும் கூடாதென்றதால் தூணெல்லாம் தாமரையும் கொடியுமாகச் செதுக்கி, உச்சியில் கல் வாழைப்பூவைத் தொங்கவிட்டிருந்தார்கள். இதெல்லாம் பிறகு கேட்ட கதை. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது, எங்கள் தெரு அம்மன் கோயில் தூணும் அச்சு அசல் இதேதான் என்பது. அங்கே வேண்டிக்கொள்கிறவர்கள் தூணில் மஞ்சள் பூசுவார்கள்.

பத்தாம் நாள் குழைத்த மஞ்சளைப் பாவாடையில் முடிந்துகொண்டு போனேன். தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்ல இன்னும் நேரமிருந்தது. அம்மா வாசலில் நிற்க, நான் நைசாக உள்ளே நுழைந்து, முதல் தூணின் தாமரையில் மஞ்சளை அப்பிக் கும்பிட்டேன்.

"இன்னாம்மா பண்ணிகினு கீற?"

பாங்கு சொல்லும் மோதினார் பின்னால் நின்றார்.

"தம்பிக்கு ஒடம்பு சரியில்ல பாய்."

அவர் வாசலைப் பார்த்தார். தோள்துண்டைக் கைகால் கழுவும் தொட்டித் தண்ணீரில் நனைத்து அவசரமாகத் தேய்த்தார்.

"தொடைக்காத பாய், அவன் செத்துடுவான்," என்று அழுதேன்.

"ஒண்ணும் ஆவாது. யாராண்டையும் சொல்லாத. அம்மாகிட்டகூட."

கோபத்தில்தான் அப்படித் தேய்க்கிறார் என்று நினைத்தேன். தொழுகை முடிந்து முதல் ஆளாக வந்து, மற்ற எல்லாரையும்விட நெடுநேரம் தம்பிக்கு ஊதியவர் அவர்தான். படுபாவி, என் வேண்டுதலை அழித்துவிட்டு ஊத வேறு வருகிறானே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

காய்ச்சல் விட்டுவிட்டது. இரண்டு வாரம் கழித்து அம்மா சர்க்கரைப் பொட்டலத்தோடு போய் வாசலில் எல்லாருக்கும் கொடுத்தாள். நான் தூணிடம் ஓடினேன். தாமரையின் அடி இதழ் இடுக்கில் மஞ்சள் அப்படியே இருந்தது. சரியாகத் துடைக்கக்கூடத் துப்பில்லாத ஆள் என்று சிரிப்பு வந்தது. தம்பியைக் காப்பாற்றியது என் மஞ்சள்தான் என்று தலைகால் புரியவில்லை.

வெள்ளிக்கிழமைதோறும் அந்தத் தூண்களை இதழ் இதழாகத் தேய்த்துக் கழுவுகிறவர் அவர்தான் என்பது எனக்கு அப்போதே தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை.