எய்னோ லாக்சோவின் நாற்பது நொடி

வெரா மெல்னிக் டொரண்டோவில் பதினெட்டு வருடம் அடுத்தவர் எடுத்த படங்களை வெட்டி ஒட்டியவள். திக்கித் திணறும் நடிகனைச் சரளமாகப் பேசவைப்பதில் அவளுக்குக் கைராசி உண்டு. பிறகு தானே இரண்டு படங்களை இயக்கினாள். முதலாவது ஒரு வாரம் ஓடியது. இரண்டாவதைத் தயாரிப்பாளர் அவள் கையிலிருந்து பிடுங்கி, வேறு ஆளை வைத்து முடிவையே மாற்றிவிட்டார். "இது என் படமில்லை" என்று ஒரு வரி எழுதிப் போட்டுவிட்டு, பழைய கேமரா ஒன்றோடு சொந்த ஊரான தண்டர் பே நகருக்குத் திரும்பினாள். அது 1986 அக்டோபர். அவளுக்கு நாற்பத்திமூன்று வயது.

நான்கு வருடத்துக்கு முன் அங்கே ஏரிக்கரைத் தானியக் கிடங்கு ஒன்றில் கோதுமைத் தூசி வெடித்து மூன்று பேர் செத்திருந்தார்கள். அவர்களில் ஒருவனான தவுனோ ஹியத்தலா உள்ளே சிகரெட் பற்றவைத்ததுதான் காரணம் என்றது விசாரணை அறிக்கை. மற்ற இருவரின் வீட்டாரும் தவுனோவின் மனைவி ஐலியோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

அதைப் படமாக்க வெரா ஏழு மாதம் வீடு வீடாக ஏறி இறங்கினாள். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் அந்தக் கிடங்கில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்ற எய்னோ லாக்சோ, தன் வீட்டுச் சௌனா என்னும் நீராவிக் குளியலறை வாசலில் உட்கார்ந்து கேமரா முன் சொல்லிவிட்டார்.

"தூசி உறிஞ்சுற விசிறி மூணு நாளா ஓடல. ஓடுச்சுன்னு நான்தான் கையெழுத்துப் போட்டேன். தவுனோவோட சிகரெட் டப்பா அன்னிக்கு என் மேசை மேல இருந்துச்சு. தெனமும் எங்கிட்ட குடுத்துட்டுத்தான் உள்ள போவான்."

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவர் வெராவின் அறைக் கதவை இடித்தார். கதவு திறந்ததும் நேரே மேசைக்குப் போய், அந்தப் பேச்சைப் பதிந்த, இன்னும் கழுவாத படச்சுருள் இருந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டார்.

"இதை நான் கொண்டுபோறேன்."

"நீங்க சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க, லாக்சோ."

"கையெழுத்தைப் பத்தி எங்கிட்டயே பேசுறியா? என் பையன் அங்கதான் வேலை பாக்குறான். நாளைக்கே அவனைத் துரத்திடுவானுங்க."

டப்பாவின் மூடியைக் கழற்றிவிட்டார். உள்ளே கறுப்புப் பை. அதைப் பிரித்து வெளிச்சம் பட்டால் எல்லாம் பாழ். வேறு பிரதியும் கிடையாது. ஆனாலும் வெரா கிட்டே போகவில்லை.

"பிரிச்சா நான் தடுக்க மாட்டேன். ஆனா ஒருதடவை பாருங்க. ஐலிகூட உக்காந்து பாருங்க. அப்பவும் வேணாம்னா நீங்களே கொளுத்திடுங்க."

ஐலி பெயரைக் கேட்டதும் அவர் விரல்கள் நின்றன. டப்பாவை மேசையில் வைத்துவிட்டுப் படியிறங்கினார்.

ஜூன் மாதம் ஒரு மதியம், அந்த ஊரில் குடியேறிய ஃபின்லாந்துக்காரர்களின் மன்றத்தில் வெரா, எய்னோ, ஐலி என மூன்றே பேர் உட்கார்ந்தார்கள். படம் ஓடியது. ஐலி அசையவேயில்லை. திடீரென்று எய்னோ எழுந்தார்.

"நிறுத்து! இங்க என்னத்தையோ வெட்டிட்ட, மெல்னிக் பொண்ணே."

வெராவின் முகம் சிவந்தது. "விசிறியைப் பத்திக் கேள்வி கேட்டப்புறம் நாப்பது நொடி பேசாம இருந்தீங்க. இழுவையா இருக்கேன்னு எடுத்துட்டேன்."

"கேட்ட உடனே சொல்ற வீரனாட்டம்ல இருக்கு! நாலு வருஷம் வாயப் பொத்திட்டு இருந்தவன் நான். அதைத் திரும்பப் போடு."

ஐலி முதன்முறையாகத் திரும்பினாள். "போட்டா, ஊருக்குக் காட்ட விடுவியா, எய்னோ?"

அவர் தொப்பியைத் திருகிக்கொண்டே நின்றார். "விடுறேன்."

இலையுதிர் காலத்தில் படம் திரையிடப்பட்டது. எய்னோவின் பையன் அந்த வாரமே வேலையை இழந்தான். அப்பா வீட்டுப் பக்கம் வருவதையும் நிறுத்தினான். விசாரணை மறுபடி நடந்து, சிகரெட் பற்றிய வரி அறிக்கையிலிருந்து நீக்கப்பட ஒன்றரை வருடம் ஆயிற்று. வெரா அந்த ஊரிலேயே தங்கி இன்னும் ஒன்பது ஆவணப்படங்கள் எடுத்தாள். எதையும், அதில் பேசியவர்கள் பார்க்கும்வரை, முடிந்த படம் என்று அவள் சொன்னதில்லை.

படம் வெளியான மூன்றாவது வருடம் பையன் அப்பாவைப் பார்க்க வந்தான். செய்தி கேட்டு வெராவும் போனாள். கேமரா இல்லாமல், வெறுங்கையோடு.