பரிபூரணத்தின் அடுப்பு

என் தங்கை பரிபூரணம் வென்றவற்றைச் சொல்கிறேன். ராஜபாளையம் மில்லில் முப்பத்தோரு வருடம் நின்று, ஒரு விரலும் சேதமில்லாமல் ஓய்வு பெற்றாள். படுக்கையில் கிடந்த அம்மாவைப் பதினோரு வருடம் பார்த்தாள். பள்ளிக்கூடமே போகாமல், கீழிருந்த நான்கு பேரையும் போகவைத்தாள். ஐம்பத்தெட்டாம் வயதில், ஒற்றை ஆளாக, தன் பெயரில் ரேஷன் கார்டு வாங்கினாள். கடைசியாகச் சொன்னதுதான் பெரும்பாடு.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் ஒன்பது பேர் இருந்தோம். நாங்கள் ஆறு பிள்ளைகள். எங்கள் ஆறு பேருக்கும் சேர்த்துப் பிள்ளைகள் மொத்தமே ஐந்து. அதில் ஒன்றுகூட இன்று ஊரில் இல்லை. தம்பி குருசாமியும் தன் மகனோடு திருப்பூருக்குக் கிளம்பினான். பரிபூரணத்தின் பெயர் அவன் கார்டில் இருந்தது.

"ஒத்த ஆளுக்கு எதுக்குக்கா தனி கார்டு? என் கார்டுலயே இருந்துட்டுப் போயேன்."

"ஏலே, நீ திருப்பூர்ல, நா இங்கன. கார்டுல மட்டும் ஒரே வீடா? நா இருக்குற வீட்டுல நா இருக்கேன்னு எழுதட்டும்."

பெயரை நீக்கி, புதுக் கார்டுக்கு மனுப் போட்டாள். தனிச் சமையல் நடக்கிறதா என்று ஆய்வாளர் வீட்டுக்கு வந்து பார்ப்பார்.

இங்கேதான் நான் கெடுத்தேன். குருசாமி போன நாளிலிருந்து, மூன்று வீடு தள்ளியிருக்கும் என் வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில் மத்தியானச் சாப்பாடு அனுப்பிக்கொண்டிருந்தேன். ஆய்வாளர் வந்தபோது அடுப்பு குளிர்ந்து கிடந்தது. அதன்மேல் என் தூக்குச்சட்டி. மூடியில் வெட்டியிருந்த பெயரை அவர் வாசித்தார்.

"சுந்தரபாண்டியன் யாரும்மா?"

"எங்க அத்தான். அக்கா வீட்டுக்காரவுக."

"அப்ப சாப்பாடு அவுக வீட்டுலதான்."

பதினெட்டாம் நாள் கடிதம் வந்தது. மனு நிராகரிப்பு. அதை என் முன்னால் நீட்டினாள்.

"யக்கா, ஒன் சாம்பாரு என் கார்டத் தின்னுருச்சு. இனிமே தூக்குச்சட்டி என் வாசலுக்கு வரப்படாது."

மறுநாளே அடுப்பை மூட்டினாள். ஆனால் வீட்டிலிருந்த பானையெல்லாம் ஒன்பது பேருக்கானவை. ஒரு ஆள் அரிசி அடியில் தீய்ந்தது. எதிர்வீட்டு ரோசம்மாளைக் கூப்பிட்டாள், மகள் குவைத்தில். தவசிமுத்து அண்ணாச்சியைக் கூப்பிட்டாள், மகன் பெங்களூரில். அவரவர் அரிசியோடு வந்தார்கள். வீம்பாக இரண்டு நாள் இருந்துவிட்டு நானும் என் வீட்டுக்காரரும் போனோம்.

பாத்திரக் கடைக்குப் போய், அந்த நிராகரிப்புக் கடிதத்திலிருந்த தன் பெயரைக் காட்டி, பெரிய பானையில் வெட்டி வாங்கினாள். தினமும் பானையைத் துலக்கும்போது அந்த ஆறு எழுத்தின் மேலும் விரலை ஓட்டுவாள். மில்லில் கடைசி நாள்வரை அவளுக்குக் கைநாட்டுத்தான்.

திரும்ப மனுப் போட்டாள். அதே ஆய்வாளர் வந்தார். அடுப்பில் குழம்பு கொதித்தது. கூடத்தில் நாங்கள் நான்கு பேர் தட்டோடு உட்கார்ந்திருந்தோம்.

"இது வீடா, மெஸ்ஸாம்மா?"

தவசிமுத்து அண்ணாச்சி முந்திக்கொண்டார். "வீடுதான் சார். நாங்கள்லாம் வேற வேற கார்டு. எங்க அடுப்புதான் அணைஞ்சு கெடக்கு. அதுக்காக எங்க கார்டப் புடுங்கிராதீக!"

ஆய்வாளர் சிரித்துவிட்டார். பானையிலிருந்த பெயரை வாசித்தார். மனுவிலிருந்த பெயரோடு ஒப்பிட்டார். எழுதிக்கொண்டார்.

கார்டு வாங்கத் தாலுகா ஆபீசுக்கு அவளோடு போனேன். குடும்பத் தலைவர்: பரிபூரணம். உறுப்பினர்: ஒன்று. எழுத்தர் பதிவேட்டோடு மைப்பெட்டியையும் நகர்த்தினார். அவள் மைப்பெட்டியைத் திருப்பித் தள்ளினாள்.

"பேனா குடுங்க தம்பி."

2025 பிப்ரவரி 12, புதன்கிழமை.