முருகையன் மோட்டாரில் நான் திருகிய ஸ்க்ரூ

கும்பகோணத்தில் என் அக்கா மகளுக்கு நிச்சயதார்த்தம். பந்தியில் உட்கார்ந்து சாம்பார் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. எங்கள் கரையில் டீக்கடை வைத்திருக்கும் செல்வம். "அண்ணே, பாய் போயிட்டாருண்ணே" என்றான். எங்கே போனான் என்று கேட்டேன். சத்தியமாக அப்படித்தான் கேட்டேன். செல்வம் அழுதான். இலையை மூடிவிட்டு எழுந்தேன்.

உங்களுக்கெல்லாம் அவன் கலீல் பாய். எனக்குக் கலீல். ஒரே வயது இருவருக்கும். இருபது வருஷத்துக்கு மேல் ஒரே கொட்டகையில் படகு மோட்டார் வேலை பார்த்தோம். எழுதும்போது 'அவர்' என்று மரியாதையாகப் போடுப்பா என்கிறாள் என் மகள். பத்து வரி எழுதிப் பார்த்தேன். யாரோ தாசில்தாரைப் பற்றி எழுதியதுபோல இருந்தது. கிழித்துப்போட்டேன். அவனை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஒரத்தநாட்டுப் பக்கம் வயல்களில் ஆயில் இன்ஜின் பார்த்துக்கொண்டிருந்தவன். பேராவூரணிக்குக் கிழக்கே இந்தக் கரைக்கு வந்த முதல் வாரம், ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டாரைப் பிரித்து மாட்டி, முழு வேகத்தில் விட்டு, "பாத்தியா, எப்படிப் பறக்குது!" என்று பீற்றிக்கொண்டேன். கலீல் வந்து வேகத்தைக் குறைத்தான். மோட்டார் நாலு தரம் இருமிவிட்டு நின்றுபோனது. "வேகத்துல எல்லா மோட்டாரும் நல்ல புள்ளதான் ராசு. மெதுவா விட்டாத்தான் கொணம் தெரியும்" என்றான். பிறகு சிரித்துக்கொண்டே, "ஒன் வயக்காட்டு இன்ஜின் நின்னா பயிரு காயும். இது நின்னா குடும்பமே காயும்" என்றான். எனக்குக் கோபம் வந்து அன்று முழுக்க அவனோடு பேசவில்லை.

வலை விடும்போது படகு ஊர்ந்து போக வேண்டும். அப்போது மோட்டார் நின்றாலும் ஆபத்து, குதித்தாலும் ஆபத்து. வலைக்குள் கால் மாட்டியவனைக் கடல் திருப்பித் தராது. அதனால்தான் மெதுவோட்டம் கெட்ட மோட்டார் வந்தால் கலீல் பதறுவான். ஆனால் கை பதறாது. முதலில் எண்ணெய்க் குழாயில் இருக்கும் ரப்பர்ப் பந்தை அமுக்குவான். மோட்டார் உயிர் பெற்றால் குறை குழாயில். அடுத்து பிளக் மூடியை ஒவ்வொன்றாகக் கழற்றுவான். எதைக் கழற்றும்போது சத்தம் மாறவில்லையோ, அதைக் காட்டி, "அந்த வீட்ல ஆள் இல்ல" என்பான். மெதுவோட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் ஸ்க்ரூவை மட்டும் கடைசிவரை யாரும் தொடக் கூடாது. "அத முறுக்குனா நோவு போவாது, முனகல்தான் போவும்." இதை எத்தனை தரம் கேட்டிருப்பேன்!

வாய்க்கொழுப்புக்கும் அவனிடம் குறைவில்லை. நம் கரையில் பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். திரும்பி வந்து நிறுத்துமுன் மறுபடி பெட்ரோலுக்கு மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே மண்ணெண்ணெய் தங்கி, மறுநாள் மெதுவோட்டம் சீரழியும். ஒரு படகுக்காரர் எப்போதும் பெட்ரோலில்தான் நிறுத்துகிறேன் என்று குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்தார். கலீல் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தில் விரலை முக்கி அவர் மூக்கருகே நீட்டி, "இது என்ன அண்ணே, அத்தரா?" என்றான். கரையே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார்.

போன மழைக்காலத்தில் அவனுக்கு நெஞ்சுவலி வந்தது. கனம் தூக்காதே, வெயிலில் நடக்காதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். கரையை ஒட்டிய வீட்டிலேயே இருந்தான். கொட்டகையை நான் மட்டும் பார்த்துக்கொண்டேன்.

நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள் முருகையன் தன் மோட்டாரோடு வந்தான். மெதுவாக விட்டால் நின்றுபோகிறது என்றான். பந்தை அமுக்கினேன், பிளக்குகளை மாற்றினேன், எண்ணெய் வரும் நுண்துளை ஜெட்டைக் கழற்றி ஊதினேன். அப்படியும் நின்றது. அடுத்துச் செய்ய வேண்டியது எனக்குத் தெரியும். கார்புரேட்டர் வாயில் ஒரு காகிதத்தைப் பிடிக்க வேண்டும். நனைந்தால் உள்ளே வால்வுத் தகடு உடைந்திருக்கிறது என்று அர்த்தம். பார்க்க ஐந்து நிமிடம். ஆனால் உடைந்திருந்தால் பிரிக்க வேண்டும், அரை நாள் வேலை. விடியற்காலை ஊருக்குக் கிளம்ப வேண்டும், வீட்டிலிருந்து மூன்று தரம் போன் வந்துவிட்டது. ஸ்க்ரூவை இரண்டு சுற்று ஏற்றிவிட்டேன். மோட்டார் நிற்கவில்லை. கியர் போட்டதும் திமிறியது.

"கொஞ்சம் உதறுதேண்ணே?" என்றான் முருகையன்.

"பழசுன்னா அப்படித்தான் இருக்கும். போ, போ."

மறுநாள் காலை, பட்டுக்கோட்டையில் நான் பஸ் மாறும்போது கலீல் போன் செய்தான். முருகையன் மோட்டாரைக் கிளப்பிப் பார்க்கும் சத்தம் அவன் வீடுவரை கேட்டிருக்கிறது.

"அதுல என்ன இருந்துச்சு ராசு?"

"ஜெட்டு அடைப்பு. ஊதிவிட்டேன்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன். "சரி சரி, நல்லா சாப்புட்டு வா" என்று வைத்துவிட்டான். அதுதான் அவன் என்னிடம் கடைசியாகப் பேசியது.

நான் வந்து சேர்ந்தபோது கபர்ஸ்தானுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். ஓடினேன். மண் போட்டுவிட்டுத் திரும்பியபோது முருகையன் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். கலீல் வெயிலில் நடந்து, சேற்றில் இறங்கிப் படகுக்கு வந்திருக்கிறான். மதியம் கடலுக்குப் போக இருந்தவனைத் தடுத்திருக்கிறான். காகிதத்தைப் பிடித்தான், நனைந்தது. பிரித்து, நக நுனியளவு உடைந்திருந்த தகட்டை மாற்றி, நான் ஏற்றிய ஸ்க்ரூவை இறக்கி, மெதுவாக ஓடவிட்டுக் கேட்டிருக்கிறான். ஒரே சீராக ஓடியதாம். தண்ணீர் கேட்டானாம். கொண்டு வருவதற்குள் படகோரம் சாய்ந்துவிட்டான்.

"பாய் ரொம்ப வருத்தப்பட்டாருண்ணே. 'நேத்து நான்தான் போன்ல ராசுகிட்ட ஸ்க்ரூவ ஏத்திவிடச் சொன்னேன். அவன் வேணாம்னுதான் சொன்னான். தப்பு என்னுது'ன்னாரு. தன் தப்பத் தானே வந்து சரி பண்ணிட்டுப் போயிட்டாரு மனுசன்."

முதல் நாள் கலீல் எனக்குப் போனே செய்யவில்லை. அந்த இடத்திலேயே அதைச் சொல்லியிருக்க வேண்டும். பாவி நான், தலையை மட்டும் ஆட்டினேன்.

மூன்றாம் நாள் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி ஆமினா, அந்நிய ஆண் முகம் பார்க்காத இத்தா என்னும் துக்கக் காலத்தில் இருப்பதால், கதவுக்குப் பின்னாலிருந்து பேசினாள். எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

"தெரியும்ண்ணே. போவாதீங்கன்னு கெஞ்சுனேன். 'நான் போயி முடிக்காட்டி, நாளைக்கு ராசு முருகையன் மூஞ்சில முழிக்க முடியாதும்மா'ன்னுட்டுக் கெளம்புனாரு." பிறகு, "அவரு மறைச்சது மறைஞ்சே இருக்கட்டும்ண்ணே. நீங்க யாருகிட்டயும் சொல்லாதீங்க" என்றாள்.

சரி என்றுதான் வந்தேன். ஆனால் இப்போது செல்வம் கடையில், "பாய்க்கே ஒரு தடவ தப்பிருச்சு பாரு" என்று பேசிக்கொள்கிறார்கள். அன்போடுதான் சொல்கிறார்கள். டீயை வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுகிறேன். இருபது வருஷத்தில் அவன் ஒரு மோட்டாரையும் அரைகுறையாகக் கரையிலிருந்து அனுப்பியதில்லை. போகிறபோது அவன் பேரில் ஒரு தவறு ஒட்டிக்கொண்டது, அதுவும் எனக்காக.

ஆமினா, என்னை மன்னித்துவிடம்மா. முருகையா, கேட்டுக்கொள்: எனக்கு யாரும் போனில் எதுவும் சொல்லவில்லை. ஸ்க்ரூவை ஏற்றியது நான், கலீலிடம் பொய் சொன்னதும் நான். அவன் ஸ்பானர்களை அவன் மகனிடம் கொடுத்துவிட்டேன். கலீலிடமிருந்து எனக்கென்று நான் எடுத்துக்கொள்வது இந்தத் தவறு ஒன்றைத்தான். அது அவனுடையது இல்லை.