தாலிக்கொடி விளம்பரம்

விளம்பரக் கம்பனியில் பயிற்சிக்குச் சேர்ந்த காலத்தில் எனக்கு வாய் இருக்கிறது என்பதே அங்கே பலருக்குத் தெரியாது. மன்னார் டவுனில் ஒரு மருந்துக் கடைக்கு மேல்மாடியில் கம்பனியின் கந்தோர். நறுவிலிக்குளத்திலிருந்து பஸ்ஸில் வந்து, கதிரையில் குந்தி, சொன்னதைச் செய்துவிட்டுப் போவேன். "ஐடியா இருந்தா சொல்லும் பிள்ளை" என்பார் முதலாளி அக்கா. ஐடியா இருக்கும். சொல்லத்தான் வராது. பிறகு அதையே வேறு யாராவது சொல்லிப் பாராட்டு வாங்கும்போது பற்றிக்கொண்டு வரும்.

நகைக்கடை ஒன்றுக்கு வீடியோ எடுக்க வேண்டிய நாள். அக்காவின் மகளுக்குக் காய்ச்சல். காலையில் போன் எடுத்தார். "இண்டைக்கு நீர்தான் லீடர். இது சரிவந்தா உம்மை வேலைக்கு எடுப்பன். சமாளியும்." நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டார். அப்பா இல்லாத வீடு எங்களுடையது. அந்த வேலை எனக்குக் கட்டாயம் வேண்டும்.

கடையின் மேல்தட்டில் கமரா அண்ணா, மேக்கப் அக்கா, பேசாலையிலிருந்து வந்த மொடல் பிள்ளை, கடைக்காரர். வளையலும் நெக்லஸும் நல்லபடியாக முடிந்தன. கடைக்காரர் தாலிக்கொடியை எடுத்து வைத்ததும் மொடல் பிள்ளை பின்வாங்கினாள்.

"எனக்குக் கலியாண எழுத்து முடிஞ்சுது. அடுத்த மாசம் கலியாணம். இதை இப்ப போட்டிட்டுக் கழட்டமாட்டன்."

எல்லோரும் மேக்கப் அக்காவைப் பார்த்தோம்.

"என்னைப் பாக்காதேங்கோ. புதுசைப் போட என்ரயைக் கழட்டோணும். மனுசன் கடலுக்குப் போயிருக்கிறார்."

போட்டவள் கழற்றமாட்டாள், போடாதவள் போடமாட்டாள். நாட்கணக்காக வெளிச்சம், பாட்டு என்று கந்தோரில் வாய் ஓயாமல் பேசியும், யாருடைய கழுத்து என்று மட்டும் ஒருவரும் யோசிக்கவே இல்லை. மூளைசாலிகள்!

"பொம்மைக்குப் போட்டு எடுங்கோவன்" என்றார் கடைக்காரர்.

"சனம் சிரிக்கும்" என்றார் கமரா அண்ணா.

"நான் போடுறன்" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெளிவில்லை. துணிச்சலா, வேலை ஆசையா, எல்லோர் மீதும் வந்த எரிச்சலா? மூன்றும் கலந்திருக்கலாம். பயம் இல்லாமல் சொல்லவில்லை, அது மட்டும் நிச்சயம்.

முகம் வேண்டாம், கழுத்து மட்டும் போதும். மொடல் பிள்ளையின் சேலையைச் சுற்றிக்கொண்டு, கொடியை நானே மாட்டினேன். நல்ல பாரம். கமராவின் சின்னத் திரையைப் பார்த்தேன். "வெளிச்சம் காணாது. யன்னலைத் திறவுங்கோ" என்றேன். திறந்தார்கள். கீழே றோட்டில் கழுதை கத்தியது. "அதைக் கலைச்சுவிடுங்கோ" என்றேன். கடைக்காரரே இறங்கிப் போனார். காலையிலிருந்து என்னை "தங்கச்சி, அங்கால நில்லும்" என்று விரட்டிய கமரா அண்ணா, "இப்ப சரியோ?" என்று என்னைக் கேட்டார். சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் அவர்கள் கேட்டது என் சொல்லையா, கழுத்தில் கிடந்த தாலியின் சொல்லையா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

முடிந்ததும் கண்ணாடி முன் நின்று கழற்றிப் பெட்டியில் வைத்தேன். மேக்கப் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "சாமானை இறக்குங்கோ" என்றேன். அதையும் செய்தார்கள்.

அடுத்த கிழமை, வேலை எனக்குத்தான் என்று முதலாளி அக்கா சொன்னார். எப்போது அம்மாவிடம் சொல்வோம் என்று பஸ்ஸில் இருப்புக் கொள்ளாமல் வந்தேன். எனக்கு முன்னமே வீடியோ ஊருக்குள் வந்துவிட்டது. அம்மா போனை என் பக்கம் திருப்பினார். முகம் தெரியாவிட்டால் என்ன, பெற்றவளுக்குப் பிள்ளையின் கழுத்து தெரியாதா?

ஏச்சு விழும் என்று நின்றேன். விழவில்லை.

"போட்டது கிடக்கட்டும். ஆர் கழட்டினது?"

"நான்தான் அம்மா."

"கை நடுங்கேல்லையோ?"

நடுங்கியது என்று சொல்லியிருக்கலாம். "இல்லை" என்றேன்.

அம்மா என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்ர கொப்பர் செத்த அண்டைக்கு என்ர தாலியைக் கழட்ட நாலு பேர் என்ர கையைப் பிடிச்சவை. நான் விடேல்லை."

வேலை கிடைத்துவிட்டது என்று அன்று அம்மாவிடம் நான் சொல்லவில்லை.