யாழினிக்கு நான் தள்ளிப்போட்ட ஊசி

இன்னிக்கு நடந்ததை யார்கிட்டயாவது சொல்லணும். அதான் எழுதுறேன்.

காலையில என் மக யாழினியைத் தூக்கிக்கிட்டு எங்க ஊர் பெண்டாங்ல இருக்கிற பார்மசிக்கு பெம்பர்ஸ் டயப்பர் வாங்கப் போனேன். அவளுக்குப் பத்து மாசம்.

பணம் கட்டுற வரிசையில முன்னால ஒரு அக்கா, தோள்ல மூணு வயசுப் பொண்ணு. அந்தப் பிள்ளை யாழினியைப் பார்த்துச் சிரிச்சுச்சு. இவளும் எட்டி அது விரலைப் பிடிச்சுக்கிட்டா. அது இருமுச்சு. அப்பதான் கவனிச்சேன், முகமெல்லாம் சிவப்புப் புள்ளி.

"என்னக்கா ஆச்சு?"

"தட்டம்மையாம் தங்கச்சி. இப்பதான் டாக்டர் சொன்னாரு. மருந்து வாங்கிட்டு நேரா வீட்டுக்குத்தான்."

பெம்பர்ஸை அங்கேயே வச்சுட்டு அரசாங்கக் கிளினிக்குக்குக் காரை விட்டேன்.

தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ருபெல்லா மூணுக்கும் சேர்த்து ஒன்பதாவது மாசம் போடுற ஊசியை நான் போடலை. அங்க இருந்த நர்ஸ் மிஸ்ஸி தடுப்பூசிப் புத்தகத்தைப் பார்த்துட்டு ஏன்னு கேட்டாங்க.

"ஒரே ஊசியில மூணா, பிள்ளை தாங்குமான்னு பயந்துட்டேன் மிஸ்ஸி."

அவங்க திட்டலை. அதுதான் இன்னும் பயமா இருந்துச்சு.

"இன்னிக்கே வந்தது நல்லதுலா. இப்ப போட்டா தடுக்க வாய்ப்பு இருக்கு. ஆனா உறுதியாச் சொல்ல முடியாது. மூணு வாரம் காய்ச்சல், புள்ளி வருதான்னு பாருங்க. வந்தா முதல்ல போன் பண்ணிட்டு வாங்க."

ஊசி போட்டதும் அவ ஒரு நிமிஷம்தான் அழுதா. நான் கார்ல உட்கார்ந்து ரொம்ப நேரம் அழுதேன்.

வீட்டுக்கு வந்ததிலேருந்து ஏழு தடவை காய்ச்சல் பார்த்தாச்சு. இப்ப தெர்மாமீட்டரை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கிறா.

இப்படிக் காத்திருந்த அம்மாக்கள் யாராவது இருக்கீங்களா? எப்படிச் சமாளிச்சீங்க? எனக்கு முதல் நாளே முடியலைலா.