அடைப்பு வீட்டில் பேய் விளையாட்டு

அப்பா வாழ்நாளில் எதற்கும் நேரம் பார்த்தவர் இல்லை. கல்யாண வீட்டுக்குப் போனால் முகூர்த்தமெல்லாம் முடிந்து நேரே பந்தியில்தான் போய் உட்காருவார். அப்படிப்பட்டவர் சாவதற்கு மட்டும் தேடிப் பிடித்து அவிட்ட நட்சத்திரத்தைத் தேர்ந்தெடுத்தார். ஆடி மாதம், வாய்க்காலில் தண்ணீர் வந்திருந்த சமயம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தன் அறைக் கட்டிலில் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. குறட்டை நின்றதை வைத்துத்தான் அம்மா போய் எட்டிப் பார்த்திருக்கிறாள்.

ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "அவிட்டமாச்சே. ஆறு மாசம் அடைப்புங்க. உயிர் போன அறையைப் பூட்டிடுங்க, யாரும் உள்ள போகக் கூடாது. தெனம் சாயங்காலம் வாசப்படியில ஒரு விளக்கு மட்டும் ஏத்தி வைங்க."

அந்த மாதிரி நட்சத்திரத்தில் செத்தவர் லேசில் வீட்டை விட்டுப் போகமாட்டார் என்பது எங்கள் வலங்கைமான் பக்கத்து நம்பிக்கை. வெளிநாட்டில் வேலை பார்க்கிற பிள்ளைகள் உள்ள வீட்டில்கூட இதை எதிர்த்து மூச்சு விடமாட்டார்கள். நானும் விடவில்லை. அதன் பலனை மறுநாளே அனுபவித்தேன். வீட்டின் இணைய மோடம் அந்த அறைக்குள் இருந்தது.

சொந்தக்காரர்கள் அவ்வளவு பக்தியோடு பூட்டியிருந்தார்கள். ரேஷன் கார்டு, நிலத்துப் பட்டா, அம்மா பேப்பர் படிக்கிற மூக்குக் கண்ணாடி எல்லாம் உள்ளே மாட்டிக்கொண்டன. நல்ல வேளை, மோடத்தின் சுவிட்சை யாரும் அணைக்கவில்லை. சென்னையில் மென்பொருள் வேலை எனக்கு. ஆறு மாதம் வீட்டிலிருந்தே பார்க்கிறேன் என்று அனுமதி வாங்கியிருந்தேன். ஆக, அலுவலகக் கூட்டங்கள் அத்தனையும் பேய் அறையிலிருந்து வந்த சிக்னலில்தான் நடந்தன. மோடம் மக்கர் பண்ணினால் உள்ளே போய்த் தட்ட வழியில்லை. வாசலுக்கு ஓடி மெயின் சுவிட்சை அணைத்துப் போட வேண்டும்.

"உங்கப்பா அசந்து தூங்கிட்டாரு போலருக்கு. எழுப்பிவிடு" என்பாள் அம்மா. கேலி பண்ணுகிறாள் என்று நினைத்து நானும் சிரிப்பேன்.

அறை திறந்த கையோடு அம்மாவைச் சென்னைக்குக் கூட்டிப் போய்விட வேண்டும் என்பது என் திட்டம். நான் ஒரே பெண். அறுபத்து நாலு வயதில், உடம்பு நிறையச் சர்க்கரையோடு, அவ்வளவு பெரிய வீட்டில் அவளைத் தனியே விட்டுவிட்டு எனக்குத் தூக்கம் வராது. நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக்கொள்ள எதிர்வீட்டுக்காரர் தயாராக இருந்தார். அம்மாதான் பிடி கொடுக்கவில்லை. "அறை தொறக்கட்டும், பாத்துக்கலாம்" என்று ஒரே பாட்டு. ஆனால் அந்தக் கதவைத் தாண்டும்போது மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வாள். பாத்திரத்தைக்கூட ஓசைப்படாமல் தூக்கிப் போவாள். பயம்தான், வீம்புக்கு மறைக்கிறாள் என்று முடிவு கட்டினேன்.

எங்கள் ஊரில் பயம் தெளிய மந்திரிக்கிறவரிடம் கூட்டிப் போவார்கள். நான் டிவியில் மாட்டி விளையாடுகிற வீடியோ கேம் ஒன்றைச் சென்னையிலிருந்து வரவழைத்தேன். பாழடைந்த ஒரு பங்களா. தொப்பை வைத்த தபால்காரர் ஒருவர் கடிதம் கொடுக்கப் போய் உள்ளே மாட்டிக்கொள்கிறார். துணைக்கு, விளக்குமாறு வைத்த ஒரு அம்மாள். இவர் டார்ச் அடிக்க வேண்டும், பேய் கண் கூசி நிற்கும், அந்த அம்மாள் பெருக்கிச் சாக்கில் தள்ள வேண்டும். சிறுபிள்ளைகளுக்கான விளையாட்டு. பேய்களைப் பார்த்தால் கொழுக்கட்டைக்குக் கண் வரைந்தது போலிருக்கும்.

"பேய்க்கு வாழ்க்கைப்பட்டா புளியமரம் ஏறித்தானே ஆவணும். கொண்டா" என்று அம்மா ரிமோட்டை வாங்கிக்கொண்டாள்.

மத்தியானச் சாப்பாட்டு இடைவேளைதான் எங்கள் ஆட்ட நேரம். டார்ச் எனக்கு, விளக்குமாறு அம்மாவுக்கு. முதல் வாரம் முழுக்க அம்மாவின் ஆள் சுவரைப் பார்த்தே நடந்தாள். இரண்டாம் வாரம் அம்மாவுக்கு விளையாட்டு பிடிபட்டது, கூடவே அபிப்பிராயங்களும் வந்தன. "இத்தாம் பெரிய வீட்ட ஒட்டடைகூட அடிக்காம வச்சிருந்தா பேய் வராம என்ன செய்யும்?" சமையல்கட்டுப் பேய் தட்டுகளை வீசியெறிந்தபோது, "பசிக்குதுடி அதுக்கு" என்றாள். குளியலறையில் பாடிக்கொண்டிருந்த பேய் சாக்குக்குள் போக மறுத்தது. "குளிக்கிற எடத்துல போயி டார்ச் அடிக்கிற, வெக்கமா இல்ல?" என்று என்னைத் திட்டினாள். பயம் என்கிற பேச்சே இல்லை. மருந்து வேலை செய்கிறது என்று எனக்கு ஒரே பெருமை.

நான்காம் அறையில்தான் வண்டி நின்றது. அங்கே கட்டிலில் ஒரு கிழட்டுப் பேய் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருக்கும். அதன் தலையணைக்கு அடியில்தான் மாடிச் சாவி. டார்ச் அடித்து எழுப்பினால்தான் ஆட்டம் நகரும். அம்மா எழுப்பவிடவில்லை.

"அசந்து தூங்குறவர வெளக்கமாத்தால அடிக்கிறதா? இருக்கட்டும், தானா எழுந்திரிக்கும்போது பாத்துக்கலாம்."

"அது எழுந்திரிக்காதும்மா. அப்படித்தான் செஞ்சு வச்சிருக்கான்."

"எழுந்திரிக்காட்டி போவுது. உனக்கென்ன அவசரம்?"

தன் ஆளைக் கொண்டுபோய்க் கட்டிலருகே நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே இருப்பாள். ஒரு மணி நேரமும் குறட்டைச் சத்தம்தான். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, பதினைந்து நாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. கார்த்திகை மழை கொஞ்சம் விட்ட ஒரு மத்தியானம், அம்மா மாவு அரைக்க மில்லுக்குப் போயிருந்த நேரம் பார்த்து, இரண்டு ரிமோட்டையும் நானே பிடித்து, டார்ச் அடித்துக் கிழத்தை எழுப்பிப் பெருக்கிச் சாக்கில் போட்டேன்.

திரும்பி வந்தவள் டிவியைப் பார்த்து அப்படியே நின்றாள். "இங்க படுத்திருந்தவரு எங்கடி?"

"பிடிச்சாச்சும்மா! சாக்குல இருக்காரு" என்றேன், ஏதோ சாதித்த மாதிரி.

மாவுத் தூக்கைக் கீழே வைத்தாள். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை, ராத்திரி சாப்பிடவும் இல்லை. தன்னை விட்டுவிட்டு ஆடியதில் கோபம் என்றுதான் நினைத்தேன். மறுநாள், சேர்த்து வைத்த ஆட்டத்தையெல்லாம் அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினேன். நான்காம் அறைக்கு வந்ததும் குறட்டை கேட்டது. அம்மா முகம் தெளிந்தது. அதற்கப்புறம் தை பிறக்கும்வரை நாங்கள் மாடிக்குப் போகவே இல்லை. அவள் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருப்பாள், நான் கைபேசியில் அலுவலக மெயில் பார்ப்பேன்.

அந்த வருஷம் எங்களுக்குப் பொங்கல் கிடையாது. ஊரெல்லாம் கரும்பு கடித்து முடித்து, சம்பா அறுப்பு மும்முரமாக நடந்த ஒரு காலையில் ஐயர் வந்தார். பூசை முடித்து, வெண்கலக் கிண்ணத்தில் நல்லெண்ணெய் தானம் வாங்கிக்கொண்டு, "தொறங்க" என்றார்.

அம்மா பயந்துவிடப் போகிறாள் என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் என் கையை உதறிவிட்டு முதல் ஆளாக உள்ளே போனாள். ஆறு மாதத் தூசி. பல்லி எச்சம். மூலையில் மோடத்தின் பச்சை விளக்கு. அம்மா கட்டிலைப் பார்த்தாள். கதவுக்குப் பின்னால் பார்த்தாள். முட்டி வலியோடு குனிந்து கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். பீரோவைத் திறந்தும் பார்த்தாள்.

"உன் கண்ணாடி ஜன்னல்ல இருக்கும்மா."

"கண்ணாடிய யாருடி தேடுனா?"

கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "இல்லையேடி" என்றாள். "ஆறு மாசம் உள்ளயே இருப்பாருன்னு சொன்னாங்களே. எழுப்பிடக் கூடாதுன்னு நானும் சத்தம் காட்டாமத்தானே நடந்தேன்."

"போயிட்டாருங்கம்மா. நல்லபடியா கரையேறிட்டாரு" என்று ஐயர் நல்ல சேதி சொல்கிறவரைப் போலச் சொன்னார். அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். அப்பா செத்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. நான் இத்தனை படித்தும் என் அம்மாவைப் படிக்கத் தெரியாத மண்டு என்று அங்கேயே எனக்குத் தெரிந்துபோனது. அவளுக்கு இருந்தது பயமே இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எப்பக் கெளம்பணும்?" என்றாள்.

"எங்கம்மா?"

"மெட்ராசுக்குத்தான். இனிமே இங்க யாரு இருக்கா?"

ஆறு மாதமாக நான் கெஞ்சிக் கேட்டது இதைத்தான். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த ஐயரிடம் ஓடினேன்.

"சாமி, இன்னும் ஆறு மாசம் பூட்டி வச்சுக்கலாமா?" என்று கேட்டேன்.